நம்பிக்கை தளராமல் இருக்க வீட்டில் என்ன செய்வது? – கேள்வி பதில்

சபையில் வைத்த பெட்டியில் விழுந்த சீட்டுகளுக்கு என்னைப் பதில் எழுதச் சொன்னார் எங்கள் போதகர் ஐயா. முப்பது வருஷம் ஞாயிறு பள்ளி நடத்தியிருக்கிறேன், அவ்வளவுதான். வேதக் கல்லூரிப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கினதில்லை. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

விசுவாசமும் நம்பிக்கையும் ஒன்றுதானே ஐயா? (வாலிபர், யாங்கோன்)

பேச்சுத் தமிழில் ஒன்றுதான், தம்பி. "அவன் மேல நம்பிக்கை இருக்கு" என்றாலும், "மழை வரும்னு நம்பிக்கை இருக்கு" என்றாலும் ஒரே சொல். ஆனால் 1 கொரிந்தியர் 13-ல் பவுல் "விசுவாசம், நம்பிக்கை, அன்பு" என்று மூன்றாகப் பிரிக்கிறார். கர்த்தர் இன்னார் என்று அறிந்து அவர்மேல் சாய்வது விசுவாசம். அவர் சொன்னது இன்னும் கைக்கு வராதபோதும் வாசலைத் திறந்துவைத்துக் காத்திருப்பது நம்பிக்கை. நம் ஜனங்களிடம் முதலாவது நிறையவே இருக்கிறது. காத்திருப்பில்தான் கால் வலிக்கிறது.

எங்கள் தெருவில் கரண்ட் நடுராத்திரிக்குத்தான் வருகிறது. எழுந்து தண்ணீர் ஏற்றி, சோறு வடித்து, துணியும் தேய்த்துவிட்டுப் படுத்தால் விடிந்துவிடுகிறது. வேதம் வாசிக்க நேரமே இல்லை. இது பாவமா? (ஒரு தாய், யாங்கோன்)

பாவமில்லை அம்மா. உங்கள் வீட்டு நிலைமைதான் எங்கள் வீட்டிலும். மோட்டார் போட்டுவிட்டுத் தொட்டி நிரம்பும் வரை நானும் வாளிமேல் உட்கார்ந்திருப்பேன். முதலில் எரிச்சலாக இருக்கும், போனை நோண்டுவேன். ஒருநாள் சங்கீதம் 130 ஞாபகத்துக்கு வந்தது: "எப்பொழுது விடியும் என்று விடியற்காலத்துக்குக் காத்திருக்கிற ஜாமக்காரரைப்பார்க்கிலும் அதிகமாய் என் ஆத்துமா ஆண்டவருக்குக் காத்திருக்கிறது." இதை எழுதியவருக்கும் தூக்கம் கெட்டிருக்கும் போல! மொத்தம் எட்டே வசனம். இரண்டு வாரத்தில் மனப்பாடமாகிவிட்டது. இப்போது மோட்டார் சத்தம் கேட்டாலே வாய் தானாக அந்தச் சங்கீதத்தை ஆரம்பிக்கிறது.

தனியாக அரை மணி நேரம் தேடாதீர்கள். ஏற்கெனவே தினமும் செய்கிற ஒரு வேலையோடு ஒரு சங்கீதத்தை முடிச்சுப் போட்டுவிடுங்கள். வேலை மறக்காது, அதனால் சங்கீதமும் மறக்காது.

போனில் வேதம் வாசிக்கலாமா?

தாராளமாக. சார்ஜ் இருக்கும்போது.

புத்தாண்டு ஆராதனையில் எனக்கு எரேமியா 29:11 ("தீமைக்கல்ல, சமாதானத்துக்கான நினைவுகளே" என்று கர்த்தர் சொல்வது) வாக்குத்தத்த அட்டை வந்தது. அந்த வருஷமே வேலை போய்விட்டது. எப்படி நம்புவது? (பகோ)

அட்டையில் ஒரு வசனத்துக்குத்தான் இடம், அண்ணே. அதற்கு முந்தின வசனத்தைப் பாருங்கள்: எழுபது வருஷம் ஆகும் என்று இருக்கிறது. சிறைபட்டு பாபிலோன் போனவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள் என்று ஐந்தாம் ஆறாம் வசனங்களில் அவர்களுக்குச் சொல்கிறார். அட்டையைக் குலுக்கி எடுத்து ராசிபலன் மாதிரி பார்க்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. சிலருக்குக் கோபம் வரலாம், பரவாயில்லை.

எனக்குப் பிடித்தது 32-ஆம் அதிகாரம். எருசலேமைப் பாபிலோன் படை முற்றுகையிட்டிருக்கிறது, எரேமியா காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் சொந்தக்காரரிடம் ஆனதோத் ஊர் நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார்! சாட்சி வைத்து, தராசில் நிறுத்துக் கொடுத்து, பத்திரத்தை மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொல்கிறார். அவர் மனது அன்றைக்குச் சந்தோஷமாக இருந்ததாக எங்கேயும் எழுதவில்லை. ஆனால் பத்திரம் எழுதியாகிவிட்டது. நீங்களும் சின்னதாக ஒரு பத்திரம் எழுதுங்கள்: ஒரு முருங்கைக் கொம்பு நடுங்கள், இல்லாவிட்டால் ஒரு தொழில் படிக்க ஆரம்பியுங்கள்.

எத்தனை வருஷம் ஜெபிப்பது? ஒன்றும் நடக்கவில்லையே. (மௌலமைன்)

உங்கள் ஊரிலேயே பல வருஷம் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரி ஜட்சனின் கதையைக் கேளுங்கள். ரங்கூனுக்கு (இன்றைய யாங்கோன்) அவர் வந்தது 1813-ல். பர்மியரில் முதல் ஆளாக மௌங் நா ஞானஸ்நானம் பெற்றது 1819-ல். அந்த ஆறு வருஷமும் தினம் பர்மிய மொழி படித்தார், மத்தேயுவை மொழிபெயர்த்தார். அப்புறம் அன்றைய பர்மியத் தலைநகரான ஆவாவில் சிறைவாசம், மனைவியின் மரணம், பிள்ளையின் மரணம். மனம் உடைந்து தனியாக ஒதுங்கிக் கிடந்த காலமும் அவருக்கு உண்டு. அதை மறைக்கவே கூடாது. முழு வேதாகமமும் 1834-ல் முடிந்தது. இன்றைக்கும் பல பர்மிய சபைகளில் வாசிப்பது அந்த மொழிபெயர்ப்பைத்தான்.

நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வரவில்லை. (மாண்டலே)

2025 மார்ச் 28 உங்களுக்கு என்ன செய்தது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் பேச முடியாது, தங்கச்சி. வார்த்தை வராவிட்டால் சங்கீதம் 88-ஐக் கடன் வாங்குங்கள். கடைசி வசனம் வரை இருட்டுதான், நடுவில் ஸ்தோத்திரம்கூட இல்லை. அதுவும் வேதத்தில் இருக்கிறது. அதையும் வாசிக்க முடியவில்லையா? சபையில் போய் உட்காருங்கள், மற்றவர்கள் பாடட்டும். "சந்தோஷமா இருங்க" என்று யாராவது தோளைத் தட்டினால் என்னிடம் அனுப்பிவையுங்கள்.

மகன் மலேசியாவில் வேலை செய்கிறான். குடும்ப ஜெபம் நின்றுபோனது. (தட்டோன்)

அங்கே மணி நமக்கு ஒன்றரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அவன் ஓய்வாக இருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, வாரம் ஒருநாள் போனில் ஒரே சங்கீதத்தை மாறி மாறி வாசியுங்கள். லைன் அறுந்தால் மீதியை அவன் அங்கே முடிக்கட்டும், நீங்கள் இங்கே முடியுங்கள்.

அரிசி விற்கிற விலையில் இன்னும் கைப்பிடி அரிசி எடுத்துவைக்க வேண்டுமா?

உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனி டின்னில் போடுவது என் அம்மாவின் வழக்கம். மிகவும் கஷ்டமான மாதங்களில் மூன்று விரலால் கிள்ளித்தான் போடுவார்கள். ஆனால் டின்னை ஒருநாளும் அலமாரிக்குள் தூக்கி வைத்ததில்லை. மாதக் கடைசியில் அது ஒரு கிண்ணம் தேறும். எதிர் வீட்டு விதவைப் பாட்டிக்குப் போகும்.