பெயர் பொறித்தால் மட்டும் போதுமா? பரிசுகள் பற்றிய கேள்வி பதில்

பாத்திரக்கடையில் பெயர் பொறிக்கும் மேசையில் உட்கார்ந்தவனிடம் பாத்திரத்தைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. யாருக்கு, எதற்கு, என்ன எழுதலாம் என்று தொடங்கி வீட்டுக்கதை முழுவதும் வந்துவிடும். இந்த முறை வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அப்பா 1966 ஆவணியில் பிறந்தவர். இந்த ஆவணியில் மணிவிழா. பித்தளைக் குத்துவிளக்கு வாங்கிவிட்டோம். அதில் என்ன பொறிப்பது? ‘அன்புடன் பிள்ளைகள்’ என்றால் போதுமா?

போதும்தான். ஆனால் எல்லா வீட்டு விளக்கிலும் அதுவே இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு மட்டும் பொருந்தும் ஒன்று கையிலேயே இருக்கிறதே! தமிழ் ஆண்டுகள் அறுபதும் ஒரு சுற்று. 1966 ஏப்ரலில் பிறந்த ஆண்டின் பெயர் பராபவ. 2026 ஏப்ரலில் பிறந்ததும் பராபவதான். அப்பா பிறந்த ஆண்டு ஒரு சுற்று முடித்துத் திரும்பி வந்திருக்கிறது. அறுபதாம் கல்யாணத்தின் கணக்கே அதுதான். ‘பராபவ ஆவணி 1966 – பராபவ ஆவணி 2026’ என்று ஒரே வரி. கீழே அப்பா, அம்மா பெயர்கள். கொடுப்பவர் பெயர் வேண்டுமென்றால் விளக்கின் அடியில் போடுங்கள். ஐந்து பிள்ளைகள், மருமக்கள், பேரக்குழந்தைகள் என்று பட்டியலையே கொண்டு வருகிறார்கள். விளக்கு என்ன, வாக்காளர் பட்டியலா?

இன்னொன்று. விளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பார்கள், வாரம் தவறாமல் தேய்ப்பார்கள். லேசர் எழுத்து கண்ணுக்கு அழகு, ஆனால் மேலோட்டமானது. தேய்க்கத் தேய்க்க மங்கும். உளி வைத்துத் தட்டிப் பொறிப்பவர் கிடைத்தால் அவரிடம் கொடுங்கள். எழுத வேண்டியதைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதி, வீட்டில் இரண்டு பேர் படித்துப் பார்த்த பிறகு கொண்டு போங்கள். தொலைபேசியில் சொல்லிப் பொறித்த பெயர்களில் ‘ழ’வுக்கு ‘ல’ விழுந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். பித்தளையில் விழுந்த எழுத்தை அழிக்க ரப்பர் கிடையாது.

நண்பனுக்கு அவன் படம் போட்ட காபிக் கோப்பை கொடுக்கலாமா?

கொடுக்கலாம். பேனா போட்டு வைப்பான். தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்கிறவர்கள் குறைவு. அந்தப் படம் கோப்பையின் மேல்பூச்சில் ஏற்றப்படுவது. கம்பி நாரால் தேய்க்கும் வீட்டில் மூக்கும் கண்ணும் முதலில் போகும். அவன் தினமும் குடிப்பது டபராவிலா கண்ணாடித் தம்ளரிலா என்று பாருங்கள். அதையே நல்லதாக ஒன்று வாங்கி, விளிம்புக்குக் கீழே இனிஷியலை மட்டும் பொறித்துக் கொடுங்கள்.

தங்கைக்குக் கல்யாணம் ஆகிறது, வெளியூர் போகிறாள். அம்மாவின் சமையல் குறிப்புகளைப் புத்தகமாக்கித் தர ஆசை. அம்மாவோ ‘கண்ணளவுதான், அளவெல்லாம் தெரியாது’ என்கிறார்.

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. கண்ணளவை அளக்க வழி இருக்கிறது. அம்மா குழம்பு வைப்பதற்கு முன் உப்பு டப்பாவை எடை போடுங்கள், வைத்து முடித்த பின் மறுபடி போடுங்கள். குறைந்தது எவ்வளவோ அவ்வளவுதான் அவர் போட்டது. மிளகாய்த்தூளுக்கும் எண்ணெய்க்கும் இதே வழி. அவரிடம் எதையும் கேட்க வேண்டாம். கேட்டால் கை தடுமாறும், குழம்பின் ருசியும் மாறும்.

அடுத்தது அளவுப் பாத்திரம். ‘ரெண்டு ஆழாக்கு அரிசி’ என்பார் அம்மா. எட்டு ஆழாக்கு ஒரு படி. ஓர் ஆழாக்கு ஏறக்குறைய 168 மில்லி. ஆனால் உங்கள் வீட்டில் ஆழாக்கு என்று அழைக்கப்படுவது நிஜத்தில் ஆழாக்குதானா, பழைய ஹார்லிக்ஸ் மூடியா என்பதைத் தண்ணீர் ஊற்றி அளந்து பாருங்கள். சிரிக்காதீர்கள், இட்லிக்கு அரிசியும் உளுந்தும் அளக்கும் பாத்திரம் வீட்டுக்கு வீடு வேறு. முடிந்தால் அந்தப் பாத்திரத்தின் அளவிலேயே ஒன்று தேடி வாங்கித் தங்கையின் பெயரைப் பொறித்துப் புத்தகத்தோடு கொடுங்கள்.

எழுதும்போது அம்மாவின் சொல்லை அடிக்காதீர்கள். ‘புளி ஒரு எலுமிச்சம்பழ அளவு’ என்பதை அப்படியே விட்டு, பக்கத்தில் கிராம் கணக்கைச் சின்னதாகப் போடுங்கள். நூறு குறிப்பு வேண்டாம். தங்கை வீட்டு நினைப்பு வரும்போது தேடக்கூடிய பத்துப் பன்னிரண்டு பண்டம் போதும். வத்தக்குழம்பு, பருப்புத் துவையல், காய்ச்சலுக்கு வைக்கும் மிளகு ரசம். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பையாவது அம்மாவைத் தன் கையால் எழுத வையுங்கள். ஜெல் பேனா வேண்டாம், அடுப்படியில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் பல ஜெல் மைகள் கரைந்து ஓடும். பால்பாயிண்ட் நிற்கும். எழுதி முடித்ததும் முழுவதையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தங்கையோ மருமகளோ கேட்காமல் இருக்கப் போவதில்லை.

அப்பாவிடம் என்ன கேட்டாலும் ‘எனக்கு எதுவும் வேண்டாம்’ என்கிறார். ஓய்வு பெற்றவர். என்ன வாங்குவது?

புதிதாக ஒன்றும் வாங்காதீர்கள். அவர் பீரோவில் ஓடாமல் கிடப்பது என்ன என்று பாருங்கள். அந்தத் தலைமுறை அரசு ஊழியர் என்றால் பெரும்பாலும் ஓர் எச்.எம்.டி. கைக்கடிகாரம் இருக்கும். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் தயாரிக்கத் தொடங்கியவை. 2016இல் அரசு அந்தக் கடிகார நிறுவனத்தையே மூட முடிவெடுத்துவிட்டது. சாவி கொடுத்து ஓட்டும் ஜனதா போன்ற கடிகாரம் நின்று போயிருந்தால், பல நேரம் உள்ளே எண்ணெய் காய்ந்து இறுகியிருக்கும், அவ்வளவுதான். பழைய கடிகாரம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்தால் பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டு ஓட வைத்துவிடுவார்.

கொடுக்கும்போது கண்டிப்பாகச் சொல்லுங்கள்: டயலை மாற்றக் கூடாது, உறையைத் தேய்த்துப் பளபளப்பாக்கக் கூடாது. புது டயல் போட்டால் புதுக் கடிகாரம் போலத்தான் இருக்கும். ஆனால் முதல் சம்பளத்தில் வாங்கிய கடிகாரத்தை அப்பா அதில் தேடினால் கிடைக்காது. கண்ணாடியில் ஆழமான கீறல் இருந்தால் கண்ணாடியை மட்டும் மாற்றலாம். வாரைப் புதிதாக்கலாம். பின்மூடியில் பெயர் பொறிக்கலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். அது ஏற்கெனவே அவருடையது.

கல்யாணமான நாளிலிருந்து நானும் மனைவியும் போன சினிமா டிக்கெட், ரயில் டிக்கெட் எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். பத்தாம் ஆண்டுக்கு லேமினேட் செய்து சட்டம் போட்டுத் தரப் போகிறேன். சரிதானே?

லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள்! இப்போதைய டிக்கெட்டுகள் பல, ஏ.டி.எம். ரசீது போன்ற வழவழப்பான தாளில் வருகின்றன. அதில் மை கிடையாது, சூடு பட்டுக் கறுக்கும் பூச்சுதான் எழுத்து. லேமினேட் இயந்திரத்தின் சூட்டில் தாள் முழுக்கக் கறுத்துவிடும். சும்மா வைத்தாலும் சில ஆண்டுகளில் வெளிறும். நகத்தால் கீறிப் பாருங்கள், கறுப்புக் கோடு விழுந்தால் அது இந்த ரகம். டிக்கெட்டின் மூலையில் கீறுங்கள், நடுவில் அல்ல.

ஆகவே இன்றைக்கே எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யுங்கள். சட்டத்துக்குள் போக வேண்டியது அச்சிட்ட நகல். அசல் டிக்கெட்டுகளை ஒரு காகித உறையில் போட்டுச் சட்டத்தின் பின்னால் செருகிவிடலாம். மஞ்சளும் பச்சையுமாக வந்த பழைய பஸ் டிக்கெட் இருந்தால் அதை அசலாகவே வைக்கலாம், அது மை அச்சு. ஆனாலும் வெயில் விழாத சுவரில் மாட்டுங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி எழுதுங்கள். ‘இடைவேளையில் சண்டை’ என்று எழுதினாலும் சரிதான்.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் தம்பிக்கு இங்கே வந்து கல்யாணம். பெண் மாப்பிள்ளை பெயர் நெய்த பத்தமடைப் பாய் கொடுக்க நினைக்கிறோம். அவன் எடுத்துப் போக முடியுமா?

நல்ல தேர்வு. திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரையும் தேதியையும் நெய்து தருவது வெகுநாள் வழக்கம். தாமிரபரணித் தண்ணீரில் ஊறிய கோரையை மெல்லியதாகக் கிழித்து நெய்வார்கள். நயமான பாயைத் துணி போல மடிக்கலாம். கோரை எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நாள் பிடிக்கும். பெயரையும் நெய்ய வேண்டுமென்றால் பத்திரிகை அச்சடிக்கும்போதே பாய்க்கும் சொல்லிவிடுங்கள். நல்ல நெசவாளி அவசரத்துக்கு ஒத்துக்கொள்ள மாட்டார், ஒத்துக்கொண்டால் எனக்குச் சந்தேகம் வரும்.

எடுத்துப் போவதைப் பற்றி: ஆஸ்திரேலியாவில் தாவரத்தால் ஆன பொருள் எதையும் விமான நிலையத்தில் அறிவித்துவிட வேண்டும். பாய் நன்றாகக் காய்ந்து, மண், விதை, பூச்சி எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். பார்த்துவிட்டு விடுவார்களா, மருந்தடிக்கச் சொல்வார்களா என்பது அதிகாரி கையில். அறிவிக்காமல் மறைத்தால் அபராதம் கனமாக விழும். மல்லிகைப் பதியனை ஈரத்துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்கும் யோசனை அத்தைக்கோ சித்திக்கோ வந்தால் அன்போடு தடுத்துவிடுங்கள்.

பிறக்கப் போகும் பேரக்குழந்தைக்கு?

முதலில் சம்பந்தி வீட்டு வழக்கத்தைக் கேளுங்கள். பிறப்பதற்கு முன் எதுவும் வாங்கக் கூடாது என்று இருக்கும் வீடுகள் உண்டு. கேட்காமல் தொட்டிலோடு போய் நின்றால் சங்கடம். உங்கள் அம்மாவின் பழைய நூல் புடவை ஏதாவது இருந்தால் அதைத் துவைத்து எடுத்து வையுங்கள். பல முறை துவைத்த பருத்திக்கு இருக்கும் மென்மை கடைத் துணிக்கு வராது. தூளி கட்டுவதென்றால் விளக்கு வெளிச்சத்தில் பிடித்து முழு நீளமும் பாருங்கள், இழை விட்ட இடம் இருந்தால் தூளிக்கு ஆகாது. அதை வெட்டிக் குழந்தைக்குச் சின்ன விரிப்பாகத் தைக்கலாம். பட்டும் ஜரிகையும் வேண்டாம், பிஞ்சுத் தோலில் உறுத்தும்.

தாத்தா பாட்டி கல்யாணப் படம் சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரித்துச் சரி செய்து பெரியம்மாவுக்குத் தர வேண்டும்.

பிரிக்காதீர்கள். இழுத்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். ஈரம் பட்டு ஒட்டியது, ஈரத்தால் பிரிக்கலாம் என்று யாராவது சொன்னால் கும்பிட்டு அனுப்புங்கள். கண்ணாடியின் வெளிப்புறத்தை மட்டும் உலர்ந்த துணியால் துடைத்து, கண்ணாடியோடு அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்து, 600 டி.பி.ஐ. அளவில் எடுக்கச் சொல்லுங்கள். கீறலையும் கறையையும் கணினியில் நீக்கலாம். இப்போது சில செயலிகள் கறுப்பு வெள்ளைப் படத்துக்குத் தாமே வண்ணம் கொடுக்கின்றன, முகத்தையும் ‘திருத்துகின்றன’. பாட்டியின் மூக்குத்தி பக்கம் மாறும், கண்டாங்கியின் கட்டம் காணாமல் போகும். பெரியம்மா முதலில் பார்ப்பது அந்த மூக்குத்தியைத்தான். கறுப்பு வெள்ளையாகவே அச்சிடுங்கள். படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று பெரியம்மா சொல்லச் சொல்லப் பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். அவருக்கு அடுத்துச் சொல்ல ஆள் இருக்காது.

எங்கள் ஆசிரியர் ஓய்வு பெறுகிறார். சால்வை, கேடயம் தவிர வேறு?

அஞ்சல் துறையின் ‘மை ஸ்டாம்ப்’ தெரியுமா? 2011இல் வந்தது. நாம் கொடுக்கும் படத்தைத் தபால்தலையோடு அச்சிட்டுத் தருவார்கள், ஒரு தாளில் 12. நிஜத் தபால்தலைதான், ஒட்டி அனுப்பலாம். தலைமை அஞ்சலகத்தில் விசாரியுங்கள், அடையாள அட்டையும் கேட்பார்கள். ஒரு தாளை அப்படியே அவரிடம் கொடுங்கள். இன்னொரு தாளில் இருப்பதை ஒட்டி, பன்னிரண்டு பழைய மாணவர்கள் பன்னிரண்டு ஊர்களிலிருந்து அவருக்குக் கடிதம் எழுதுங்கள். கேடயத்தை எங்கே வைப்பது என்று ஆசிரியர் வீட்டம்மா தவிக்க மாட்டார்.

இதற்கெல்லாம் நேரமில்லை. நாளைக்குக் கல்யாணம். கவரில் பணம் வைத்துக் கொடுத்தால் குறைவாகப் போய்விடுமா?

ஒரு குறைவும் இல்லை. கல்யாண வீட்டில் அன்றைக்கு உதவுவது அதுதான். ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய கவராக வாங்குங்கள். மேலே உங்கள் முழுப் பெயர், ஊர், யார் வழி உறவு என்று எழுதுங்கள். ‘குமார்’ என்று மட்டும் எழுதிய கவர்களை வைத்துக்கொண்டு எந்தக் குமார் என்று மொய் நோட்டைப் புரட்டும் வீடுகள் எத்தனையோ. உள்ளே மணமக்களுக்கு நாலு வரி கையால் எழுதிப் போடுங்கள். பஸ்ஸில் போகும்போது எழுதிவிடலாம். கவரை ஒட்டுவதற்கு முன் பணம் வைத்தோமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.