கயோட்டியின் மௌனம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நீண்ட நாட்களாக உங்கள் தளத்தை வாசித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுவே முதல்முறை. என் மகனுக்கு ஏழு வயது. சில மாதங்களாக ரோட் ரன்னர் கார்ட்டூனைத்தான் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து என் மாமனாரும் பார்க்கிறார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் பேரன் சிரிக்கும் அதே இடத்தில் அவரும் சிரிக்கிறார். எனக்குத்தான் விளங்கவில்லை. ஓநாய் போன்ற ஒரு விலங்கு ஒரு பறவையைத் துரத்துகிறது, ஏதோ ஒரு கருவியை வரவழைக்கிறது, அது வெடிக்கிறது, மலையிலிருந்து விழுகிறது, எழுந்து மறுபடியும் துரத்துகிறது. இந்த ஒரே நகைச்சுவை எழுபது ஆண்டுகளுக்கு மேலாக எப்படித் தாக்குப்பிடிக்கிறது? தமிழில் குரல் கொடுத்தால் குழந்தைகள் இன்னும் நன்றாக ரசிப்பார்களே என்றும் தோன்றுகிறது. இன்னொரு கவலையும் உண்டு. அடிபடுவதையும் விழுவதையும் பார்த்துச் சிரித்துப் பழகும் குழந்தை, நாளை பக்கத்து வீட்டுப் பிள்ளை விழுந்தாலும் சிரிக்காதா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
க.
தஞ்சாவூர்

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் மகிழ்வித்த செய்தி, ஆங்கிலம் அறியாத தாத்தாவும் ஏழு வயதுப் பேரனும் ஒரே இடத்தில் சிரிக்கிறார்கள் என்பதுதான். அவர்கள் சிரிப்பது, நீங்கள் ஓநாய் போன்றது என்று எழுதிய அந்தக் கயோட்டி தரையில் மோதும்போதா, மோதுவதற்குச் சற்று முன்பா என்று அடுத்த முறை கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் முன்பாகத்தான் இருக்கும். வைல் ஈ. கயோட்டி என்னும் இந்தப் பாத்திரம் இன்றும் உயிரோடிருப்பதற்கான காரணம் அந்தச் சிறு இடைவெளியில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவன் பேசாதவன் என்பதால்தான் அந்த இடைவெளி நமக்குக் கிடைக்கிறது.

சக் ஜோன்ஸ் இயக்கி, மைக்கேல் மால்டீஸ் கதை எழுதிய முதல் படமான 'ஃபாஸ்ட் அண்ட் ஃபர்ரியஸ்' 1949 செப்டம்பரில் வார்னர் பிரதர்ஸ் வெளியீடாக வந்தது. ஒன்றை ஒன்று துரத்தும் கார்ட்டூன்கள் மலிந்திருந்த காலம் அது. அவற்றைக் கேலி செய்வதற்காகவே அவர்கள் இந்தப் படத்தை எடுத்தார்கள். பார்வையாளர்களோ அதைக் கேலியாகக் கொள்ளாமல் துரத்தலாகவே ரசித்துவிட்டார்கள். 1952இல் இரண்டாவது படம் வந்தது, பிறகு நிற்கவில்லை.

கயோட்டி என்பது வட அமெரிக்காவில் வாழும், ஓநாய்க்கு நெருங்கிய உறவான விலங்கு. சிறுவயதில் ஜோன்ஸ், மார்க் ட்வெயின் 1872இல் வெளியிட்ட 'ரஃபிங் இட்' என்னும் பயண நூலை வாசித்திருக்கிறார். எலும்பும் தோலுமாக, எந்நேரமும் பசித்தலையும் பிராணியாக, இல்லாமையே உருவெடுத்து நடமாடுவதைப் போல ட்வெயின் அதில் கயோட்டியை வருணித்திருந்தது அவர் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. ரோட் ரன்னரும் உண்மையான பறவைதான். குயில் குடும்பத்தைச் சேர்ந்தது, பறப்பதைவிட ஓடுவதையே விரும்புவது. இயற்கையில் இந்தப் பறவை மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். கயோட்டியோ 60 கிலோமீட்டரையும் தாண்டும். பாலைவனத்தில் இரண்டும் நேருக்கு நேர் ஓடினால் கதை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஜோன்ஸ் செய்த முதல் காரியம், கயோட்டியிடமிருந்து அந்த வேகத்தைப் பறித்துப் பறவையிடம் கொடுத்ததுதான். கால் தோற்றுப்போனவனுக்கு மிஞ்சியிருப்பது மூளை மட்டுமே என்பதால், படம் முழுவதும் அவன் யோசித்துக்கொண்டே இருக்கவேண்டியதாகிறது. பேச்சின் துணையின்றி ஒருவனுடைய யோசனையை நமக்குக் காட்டுவது எப்படி என்ற கேள்விக்கு ஜோன்ஸும் அவருடைய ஓவியர்களும் கண்ட விடைகளே இந்தப் படங்கள்.

விழும் காட்சியைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். மலை விளிம்பைத் தாண்டி வெற்றுவெளியில் ஓடிக்கொண்டிருக்கிறான்; ஆனால் இன்னும் விழவில்லை. கால்கள் நிற்கின்றன. ஒரு பாதம் மட்டும் மெல்லக் கீழே நீண்டு தரையைத் துழாவுகிறது. தரை இல்லை. குனிந்து பார்க்கிறான். பிறகு தலையைத் திருப்பி நம்மைப் பார்க்கிறான். காதுகள் தளர்கின்றன. அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்பது நமக்கும் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் விழுகிறான். சில படங்களில் உடல் முதலில் போய்விடும். கழுத்து நீண்டுகொண்டே செல்ல, முகம் மட்டும் ஒரு கணம் மேலேயே தங்கி நிற்கும். அடுத்து நாம் மலையுச்சியிலிருந்து செங்குத்தாகக் கீழே பார்க்கிறோம். அவன் சுருங்கிச் சுருங்கிப் புள்ளியாகி மறைகிறான். ஒன்றுமே நிகழாத ஒரு சிறு நேரம். பிறகு, எங்கோ ஆழத்தில், புழுதி வட்டமாக எழுகிறது. நொடிக்கு 24 ஃப்ரேம்கள், அதாவது 24 தனித்தனிப் படங்கள், ஓடும் திரைப்படத்தில், அவன் விழுந்து மறைவதற்கு 18 ஃப்ரேம்கள், மறைந்தபின் புழுதி எழுவதற்கு 14 ஃப்ரேம்கள் என்று ஜோன்ஸ் கணக்கு வைத்திருந்தார். 13 வைத்தாலும் 15 வைத்தாலும் சிரிப்பு வரவில்லை, 14 வைத்தபோதுதான் வந்தது என்று அவர் எழுதியிருக்கிறார். நொடியில் 24இல் ஒரு பங்கு நேரத்துக்காக ஒருவர் இவ்வளவு கவலைப்பட்டிருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கலைஞர்மீது மதிப்பு கூடுகிறது. அந்த 14 ஃப்ரேம்களுக்குள் ஒரு சொல் நுழைந்தாலும் காட்சி செத்துவிடும்.

மௌனத்தின் பயன் கால அளவோடு முடிந்துவிடுவதில்லை. பேசத் தெரிந்தவன் தோற்றுப்போனால் முதலில் செய்வது சமாதானம் சொல்வது. கருவி சரியில்லை என்பான், எதிரி ஏமாற்றிவிட்டான் என்பான், நேரம் சரியில்லை என்பான். கயோட்டிக்கு அந்த வசதியை ஜோன்ஸ் தரவில்லை. ஆக்மி என்னும் கற்பனை நிறுவனத்திலிருந்து வந்திறங்கும் ராக்கெட்டும் ஸ்பிரிங்கும் சக்கரக் காலணியும் ஒவ்வொரு முறையும் அவனைக் கைவிடுகின்றன. ஒரு முறைகூட அவன் அந்த நிறுவனத்தைத் திட்டுவதில்லை. பறவையைச் சபிப்பதில்லை. நம்மிடம் இரக்கம் கேட்டுக் கண்ணீர் விடுவதில்லை. முகத்தை மட்டும் காட்டிவிட்டு அடுத்த பெட்டியைப் பிரிக்கப் போய்விடுகிறான். தன் தோல்வியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதவன்மீது நமக்கு வெறுப்பு வருவதே இல்லை.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு, ஏனென்றால் கயோட்டி பேசிய படங்களும் இருக்கின்றன. பக்ஸ் பன்னி என்னும் முயலோடு அவன் மோதும் 'ஆபரேஷன்: ராபிட்' 1952இல் வந்தது. வைல் ஈ. கயோட்டி என்ற முழுப்பெயரே அந்தப் படத்தில்தான் அவனுக்குக் கிடைத்தது. மெல் பிளாங்க் குரல் கொடுத்திருந்தார். முயலின் வளைக்கு முன்னால் ஒரு கதவைச் சட்டத்தோடு கொண்டுவந்து நிறுத்தி, முறையாகத் தட்டி, தன்னை ஒரு மேதை என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறான். படித்தவர்களின் மிடுக்கான உச்சரிப்பு. சொல்லுக்குச் சொல் தற்பெருமை. சிறந்த படம்தான், நானும் விரும்பிப் பார்ப்பேன். ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போது நம் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனியுங்கள். அவன் தோற்கவேண்டும் என்று விரும்பத் தொடங்கிவிடுகிறோம். அதே உடல், அதே மூக்கு, அதே பசி. வாய் திறந்ததும் அவன் கர்வம் பிடித்தவனாகிவிட்டான். பாலைவனத்தில் வாய்மூடித் திரியும் கயோட்டிக்கும் அதே கர்வம் இருக்கலாம், ஆனால் அதை அறியும் வழி நமக்கு இல்லை. நமக்குத் தெரிவதெல்லாம் அவனுடைய முயற்சி மட்டுமே.

ஆகவே தமிழ்க் குரல் வேண்டாம் என்பதே என் பதில். நம் மொழியில் ஒருவர் வாய் திறந்த மறுகணமே அவர் எந்த ஊர், என்ன வயது, எவ்வளவு படித்தவர் என்று நாம் ஊகித்துவிடுவோம். மதுரைப் பேச்சோ சென்னைப் பேச்சோ கொடுத்தால் கயோட்டி ஓர் ஊர்க்காரனாகிவிடுவான். சிரிப்பு அந்தப் பேச்சின் மீது போய்விடும். திரையில் ஆங்கில எழுத்துகள் உண்டே என்று நீங்கள் கேட்கலாம். பெட்டிகளின் மேல் பொருளின் பெயர் இருக்கும். தொடக்கத்தில் இரண்டு பிராணிகளுக்கும் லத்தீன் மொழியைப் போலத் தோன்றும் பொய்ப் பெயர்கள் வரும். அவற்றை வாசிக்க முடிந்தவர்களுக்குக் கூடுதலாக ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். உங்கள் மாமனார் எதையும் இழந்திருக்கமாட்டார்.

பேச்சு இல்லை என்பதால் இந்தப் படங்கள் ஒலி இல்லாதவை என்று எண்ணிவிடவேண்டாம். இசையமைத்த கார்ல் ஸ்டாலிங், இளமையில் கான்சாஸ் சிட்டி திரையரங்குகளில் மௌனப் படங்களுக்கு நேரடியாக வாசித்தவர். திரையில் ஒருவன் நினைப்பதை இசையால் சொல்லும் பயிற்சி அங்கேயே அவருக்கு வந்துவிட்டது. ஜோன்ஸும் ஹாலிவுட் பகுதியில் வளர்ந்து, சிறுவனாக மாக் செனட்டின் மௌன நகைச்சுவைப் படங்களில் கூட்டத்தோடு தலைகாட்டியவர். கயோட்டி நம்மைத் திரும்பிப் பார்க்கும் அந்தச் சலனமற்ற பார்வையில் மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் முகச்சாயல் எனக்குத் தெரிகிறது. ட்ரெக் பிரவுன் சேர்த்த ஓசைகளும் குறைத்து மதிப்பிடக்கூடியவை அல்ல. பறவை எழுப்பும் அந்த 'பீப் பீப்' ஒலிக்குச் சொந்தக்காரர் பின்னணிக் காட்சிகளை வரைந்த பால் ஜூலியன் என்பவர். வரைந்த படங்களைக் கை நிறையச் சுமந்துகொண்டு ஸ்டூடியோவின் நடைபாதையில் வரும்போது, வழிவிடச் சொல்லி வாயாலேயே அப்படி ஹார்ன் அடித்துக்கொண்டு வருவாராம்.

இனி உங்கள் கவலைக்கு வருகிறேன். மூன்றில் முக்கியமான கேள்வி அதுதான். ஜோன்ஸ் தன் நினைவுக் குறிப்புகளில் இந்தப் படங்களுக்கான விதிகளைப் பட்டியலிட்டிருக்கிறார். பறவை கயோட்டிக்குத் தீங்கு செய்யக்கூடாது. அவனுடைய திறமைக்குறைவோ ஆக்மி பொருள்களின் கோளாறோ மட்டுமே அவனை வீழ்த்தவேண்டும். அவன் காயப்படுவதைவிட அவமானப்படுவதே மிகுந்திருக்கவேண்டும். பார்வையாளரின் அனுதாபம் எப்போதும் அவன் பக்கமே இருக்கவேண்டும். அப்படிப்பட்ட விதிகளைப் பற்றித் தான் கேள்விப்பட்டதே இல்லை என்று மால்டீஸ் ஒரு பேட்டியில் சொன்னதும் உண்டு, சில படங்கள் அவற்றை மீறியதும் உண்டு. படம் எடுத்துமுடித்தபின் எழுதப்பட்ட விதிகளாகவே அவை இருந்தாலும், படங்களின் இயல்பைச் சரியாகச் சொல்கின்றன. ஒருவன் இன்னொருவனை வதைத்து மகிழும் காட்சி இங்கே இல்லை. உங்கள் மகன் பார்ப்பது, தான் போட்ட திட்டத்திலேயே மாட்டிக்கொள்ளும் ஒருவனை. கட்டிய பொம்மை வீடு சரிந்துவிழும்போது குழந்தையின் முகத்தில் வருமே, அந்தத் திகைப்புதான் கயோட்டியின் முகத்திலும் இருக்கிறது. குழந்தை அங்கே தன்னையே அடையாளம் கண்டு சிரிக்கிறது. கருவிகளைக் கையாளத் தெரியாத தன் சொந்த இயல்பையே கயோட்டிக்குக் கொடுத்ததாக ஜோன்ஸ் சொல்லியிருக்கிறார்.

உங்களுக்கு வந்த அதே கவலை அமெரிக்காவிலும் எழுந்தது. பிற்காலத்தில் சில தொலைக்காட்சி நிறுவனங்கள், மோதும் நொடியையும் வெடிக்கும் நொடியையும் வெட்டிவிட்டு இந்தப் படங்களை ஒளிபரப்பின. அது நல்ல தீர்வு என்று எனக்குத் தோன்றவில்லை. விழுபவன் தரையைத் தொடாமலே காட்சி மாறிவிட்டால் அவனுக்கு என்ன ஆயிற்று என்ற பதைப்பு மட்டுமே குழந்தைக்கு எஞ்சும். புழுதி எழவேண்டும், அடுத்த காட்சியில் அவன் முழு உடலோடு, ஒரு புதிய பெட்டியோடு வந்து நிற்கவேண்டும். அப்போதுதான் குழந்தை நிம்மதியாகச் சிரிக்கும்.

தன் குறிக்கோளை மறந்துவிட்ட பிறகு முயற்சியை இரட்டிப்பாக்குபவனே வெறியன் என்று தத்துவ அறிஞர் ஜார்ஜ் சந்தயானா கூறியதைக் கயோட்டிக்கு ஜோன்ஸ் பொருத்திக் காட்டினார். இதில் நான் பாதியைத்தான் ஏற்பேன். வெறியனுக்குத் தன்மீது ஐயமே வராது. விழுவதற்கு முன் நம்மைப் பார்க்கும் அந்தப் பார்வையில் கயோட்டிக்கு ஐயம் இருக்கிறது. ஐயப்பட்டுக்கொண்டேதான் அவன் மறுபடி புறப்படுகிறான். 1980இல் வந்த 'சூப் ஆர் சோனிக்' படத்தில் ஒருவழியாகப் பறவையைப் பிடித்தும்விடுகிறான். ஆனால் குறுகிக்கொண்டே போகும் குழாய்க்குள் ஓடியதில் அவன் எறும்பளவுக்குச் சிறுத்துப்போயிருக்கிறான். கையில் அகப்பட்டது அந்தப் பறவையின் மாபெரும் கால். அப்போதும் அவன் பேசவில்லை. நான் இதைப் பிடிக்கவேண்டும் என்றுதானே நீங்கள் எல்லோரும் விரும்பினீர்கள், இப்போது நான் என்ன செய்யட்டும் என்று நம்மைக் கேட்கும் பலகையை உயர்த்திக் காட்டுகிறான்.

ஒரு சிறு யோசனையும் சொல்கிறேன். இந்தத் தொடரில் எல்லாப் படங்களும் ஒரே தரத்தில் இல்லை. ஜோன்ஸ் விலகிய பிறகு, 1965, 1966ஆம் ஆண்டுகளில் ரூடி லாரிவா இயக்கிய 11 படங்கள் வந்தன. குறைந்த செலவில் எடுக்கப்பட்டவை. பெரும்பாலானவற்றில் ஒரே இசைத் துணுக்குகள் திரும்பத் திரும்ப ஒலிக்கும். அதே பறவை, அதே பாலைவனம், அதே வெடிகள் இருந்தும் சிரிப்பு வருவதில்லை, ஏனென்றால் அந்த இடைவெளி அவற்றில் இல்லை. ஒரே நகைச்சுவைதானே என்று நீங்கள் கேட்டதற்கு இவற்றையே பதிலாகக் காட்டுவேன். மகனுக்குப் படம் போடும்போது தொடக்க எழுத்துகளில் சக் ஜோன்ஸ் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் படத்தையும், 1952இல் வந்த 'பீப், பீப்', 'கோயிங்! கோயிங்! காஷ்!' இரண்டையும் தேடிப் போடுங்கள். நீங்களும் அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். உங்கள் மாமனார் எந்த இடத்தில் சிரித்தார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்