சைக்கிள் கேள்வி பதில்: வேகமும் வேண்டும், முதுகும் வேண்டும்

கேள்வி: ஐயா, எனக்கு 47 வயது, எடை 82 கிலோ. பழைய அலுமினிய சைக்கிள் ஒன்றில்தான் பல வருஷமாக அமாஷோவா சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறேன். போன தடவை 4 மணி 10 நிமிஷம் ஆனது. ஒரு தடவையாவது மூன்றரை மணிக்குள் வந்துவிட வேண்டும் என்று ஆசை. 60,000 ராண்ட் சேர்த்து வைத்திருக்கிறேன். கிளப் பையன்கள் எல்லாரும் பந்தய பிரேம்தான் வாங்கணும், மற்றதெல்லாம் தாத்தா சைக்கிள் என்கிறார்கள். கடைக்காரரோ நீண்ட தூரத்துக்குக் கொஞ்சம் நிமிர்ந்து ஓட்டுகிற எண்டூரன்ஸ் ரகம் வாங்கச் சொல்கிறார். இரண்டு மணி நேரம் தாண்டினால் எனக்கு இடுப்பும் கழுத்தும் பிடித்துக்கொள்கிறது. எதை வாங்கட்டும்?
சாட்ஸ்வொர்த் வாசகர்

பதில்: கடைக்காரர் சொன்னதை வாங்குங்கள். பையன்கள் கிண்டல் செய்வார்கள், செய்துவிட்டுப் போகட்டும், அவர்களுக்கு இடுப்பு வலி வர இன்னும் இருபது வருஷம் இருக்கிறது.

முதலில் அந்த 40 நிமிஷம் எங்கே கிடக்கிறது என்று பார்ப்போம். பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் கடற்கரை வரை 106 கிலோமீட்டர். 4:10 என்றால் மணிக்கு இருபத்தைந்தரை கிலோமீட்டர் வேகம், 3:30 என்றால் முப்பதைத் தாண்ட வேண்டும். மணிக்கு ஐந்து கிலோமீட்டரை எந்த பிரேமும் உங்களுக்குத் தராது. அதில் பெரும்பங்கு பயிற்சியிலிருந்து வரும், மீதி கூட்டத்துக்குள் ஒளிந்து ஓட்டுவதிலிருந்து வரும். முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டி ஓட்டினால் காற்றின் எதிர்ப்பு கால்வாசிக்கு மேல் குறையும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சைக்கிளும் அதில் பாதியைக்கூடத் தராது. ஆனால் இடுப்பு பிடித்த ஆள் கூட்டத்தோடு ஒட்டி ஓட்ட முடியாது. இரண்டு மணி நேரம் தாண்டியதும் முதுகை நிமிர்த்தி, கையைத் தூக்கி உதறி, கழுத்தை அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டிருக்கும்போது கூட்டம் நூறு மீட்டர் போய்விடும், அப்புறம் கடற்கரை வரை தனியாகத்தான் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். காற்றெதிர்ப்பில் ஏறக்குறைய முக்கால்வாசி ஓட்டுகிறவரின் உடம்பால் வருவது, சைக்கிளால் அல்ல. அதனால் கடைசி 30 கிலோமீட்டரிலும் முழங்கையை மடக்கி, தலையைத் தாழ்த்தி உட்கார முடிகிற சைக்கிள்தான் உங்களுக்கு வேகமான சைக்கிள், பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

இந்த இரண்டு ரகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கடையில் யாரும் எண்ணில் சொல்வதில்லை, ஆனால் எண்ணில் பார்த்தால்தான் விளங்கும். ஸ்டாக், ரீச் என்று இரண்டு அளவு உண்டு. பெடல் அச்சின் மையத்திலிருந்து பிரேமின் தலைக்குழாய் உச்சி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக், எவ்வளவு முன்னால் தள்ளி இருக்கிறது என்பது ரீச். ஸ்டாக்கை ரீச்சால் வகுத்துப் பாருங்கள். 1.4 அல்லது 1.45-க்குப் பக்கத்தில் வந்தால் அது நன்றாகக் குனிய வைக்கிற பந்தய பிரேம், 1.5-ஐத் தாண்டினால் எண்டூரன்ஸ். ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் டார்மாக் பந்தய சைக்கிளில் 54 அளவை எடுத்தால் ஸ்டாக் 544, ரீச் 384 மில்லிமீட்டர், வகுத்தால் 1.42. அதே கம்பெனியின் ரூபே என்ற எண்டூரன்ஸ் சைக்கிள் அதே அளவில் நாலு சென்டிமீட்டர் அளவுக்கு முன்பக்கம் உயரமானது. நாலு சென்டிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள், கழுத்து அதைக் கணக்கு வைத்துக்கொள்ளும்.

இன்னொரு விஷயம். எண்டூரன்ஸ் பிரேமைத் தாழ்த்துவது சுலபம். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்முக்குக் கீழே இருக்கும் ஸ்பேசர் வளையங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேலே போட்டால் போதும், உடம்பு பழகப் பழக இறக்கிக்கொண்டே போகலாம். ஆறு மாசம் நன்றாகப் பயிற்சி செய்து, தொடையின் பின்தசையும் இளகிவிட்டால் பந்தய சைக்கிளுக்குக் கிட்டே வந்துவிடுவீர்கள். பந்தய பிரேமை உயர்த்துவதோ ஓர் அளவுக்குத்தான், இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஸ்பேசர் போட்டபின் மேலே போக வழியில்லை, பார்க்கவும் கொக்கு மாதிரி இருக்கும். அதனால் வாங்கும்போது ஸ்டெம்மும் ஸ்பேசரும் மாட்டியிருக்கும் ஸ்டீரர் குழாயை உடனே வெட்ட விடாதீர்கள், மூன்று மாசம் ஓட்டிய பிறகு வெட்டினால் போதும். இப்போது பல சைக்கிள்களில் பிரேக் குழாய்கள் ஹேண்டில்பாருக்கும் ஸ்டெம்முக்கும் உள்ளே ஒளிந்து போகின்றன, பார்க்க அழகுதான், ஆனால் சில மாடல்களில் ஸ்டெம் மாற்றப் பிரேக் குழாயைக் கழற்றி எண்ணெய் நிரப்பி மறுபடி காற்று எடுக்க வேண்டியிருக்கும், அந்தக் கூலி உங்கள் தலையில்தான். ஸ்டெம் நீளம் உங்களுக்கு ஒத்துவருகிறதா என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள், மாற்ற வேண்டுமானால் விலைக்குள்ளேயே மாற்றித் தரச் சொல்லுங்கள்.

சரி, சொகுசுக்கு வருவோம். பிரேமின் சொகுசைப் பற்றி விளம்பரங்கள் எழுதுவதில் பாதியை டயர் செய்துவிடுகிறது. பாரிஸ்-ரூபே பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 250 கிலோமீட்டருக்கு மேல் தூரம், அதில் ஐம்பதுக்கு மேல் கருங்கல் பாவிய பழைய பாதை, பல்லே ஆடிப்போகும். 2013-இல் கான்செலாரா அங்கே ஜெயித்தது டிரெக் டொமானே என்ற எண்டூரன்ஸ் சைக்கிளில். ஆனால் 2016-இல் ஹேமன் ஜெயித்தது ஸ்காட் ஃபாயில் என்ற காற்றைக் கிழிக்கிற பந்தய சைக்கிளில், 2021-இல் கோல்பிரெல்லி ஜெயித்தது மெரிடா ரியாக்டோவில், 2023-இல் வான் டெர் போல் ஜெயித்தது கேன்யன் ஏரோடில், அதுவும் 32 மில்லிமீட்டர் டயரோடு. எந்த பிரேமாக இருந்தாலும் கல்லின் அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வது டயரும் அதிலுள்ள காற்றழுத்தமும்தான். முன்பெல்லாம் 23 மில்லிமீட்டர் டயரில் 110, 120 பிஎஸ்ஐ அடித்துக் கல் மாதிரி ஓட்டினோம், அதுதான் வேகம் என்று நம்பினோம். வழவழப்பான தளத்தில் அது சரியாக இருக்கலாம், நம் பழைய மெயின் ரோட்டில் அப்படி அடித்தால் சைக்கிள் உருள்வதை விட்டுவிட்டுக் குதிக்கத்தான் செய்யும், குதிக்கிற ஒவ்வொரு தடவையும் உங்கள் கால் கொடுத்த சக்தி வீண். உங்கள் எடைக்கு 32 டயரில் 60-க்குப் பக்கத்தில் ஆரம்பித்து, இரண்டிரண்டாகக் குறைத்துப் பாருங்கள். டயர் பக்கவாட்டில் நெளிகிற உணர்வு வந்தால் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இங்கேதான் நீங்கள் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி வருகிறது: இந்த பிரேமில் எத்தனை மில்லிமீட்டர் டயர் வரை போகும்? டொமானே, ஜயன்ட் டிஃபை இரண்டின் புதிய தலைமுறையிலும் 38 போகும், கேனன்டேல் சினாப்ஸின் 2022 மாடலில் 35. டார்மாக்கின் எஸ்எல்8 பந்தய பிரேமிலேயே 32 போகிறது, அதனால்தான் இரண்டு ரகத்துக்கும் நடுவிலிருந்த இடைவெளி வரவரச் சுருங்கிக்கொண்டிருக்கிறது என்கிறேன். 28-க்கு மேல் போகாத பிரேம், கடையில் தேங்கிக் கிடக்கிற பழைய மாடல் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

எடையைப் பற்றிக் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், கிளப்பில் கட்டாயம் அந்தப் பேச்சு வரும். நீங்கள், சைக்கிள், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்து 93 கிலோ என்று வையுங்கள். ஒரு கிலோ குறைத்தால் ஏற்றத்தில் ஒரு சதவீதம் மிச்சம். இன்சாங்கா மேட்டை 15 நிமிஷத்தில் ஏறுகிறீர்கள் என்றால் ஒன்பது, பத்து விநாடி. அந்த ஒரு கிலோவுக்கு 15,000 ராண்ட் கூடுதலாகக் கேட்பார்கள். அதற்குப் பதிலாக கியரைப் பாருங்கள். முன்னால் 50/34 பல், பின்னால் 11-34 பல் இருக்கட்டும், பாலி ஷார்ட்ஸ் மேட்டில் எழுந்து நின்று இடுப்பை வளைக்காமல் உட்கார்ந்தே ஏறலாம். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் கட்டாயம், ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் மழை பிடித்துக்கொண்டால் ஏன் என்று தெரியும். கியர் செட்டுக்கு ஷிமானோ 105 போதும், கம்பி இழுக்கிற 12 கியர் 105 நன்றாகவே வேலை செய்கிறது, மின்சாரக் கியருக்காக பட்ஜெட்டை நீட்ட வேண்டாம். 60,000-ஐயும் சைக்கிளிலேயே போடாமல் ஒரு பங்கை ஒதுக்கி, உடம்பளவு பார்த்து சைக்கிளைப் பொருத்தித் தருகிறவரிடம் போங்கள், நல்ல டயர் வாங்குங்கள். அதற்கு முன்னால் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அந்த இடுப்பைக் காட்டிவிடுங்கள், சைக்கிள் மாற்றியும் போகாத வலியாக இருந்தால் பணம் போனதுதான் மிச்சம்.

கேள்வி: அண்ணா, கோயம்புத்தூரிலிருந்து மிட்ராண்டுக்கு வேலைக்கு வந்தவள் நான். 26 வயது, 158 சென்டிமீட்டர் உயரம். சனிக்கிழமை கிரேடில் பக்கம் ஓட்டுவேன், கிளப்பில் சின்னப் பந்தயங்களும் ஓடுகிறேன். முதுகு வலி எதுவும் இல்லை. கடையில் எடுத்த எடுப்பிலேயே "லேடீஸுக்கு எண்டூரன்ஸ்தான் நல்லது" என்கிறார்கள். உண்மையா?
மிட்ராண்ட் வாசகி

பதில்: இல்லை தங்கச்சி. மேலே சாட்ஸ்வொர்த் அண்ணனுக்குச் சொன்னது அவர் இடுப்புக்காகச் சொன்னது. காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலை மடக்காமல் பாதத்தைத் தொட முடிகிறதா? பந்தயம் ஓடுகிறீர்களா? அப்படியானால் பந்தய பிரேமையே வாங்குங்கள், வளைவில் சட்டென்று திரும்புவதும் கூட்டத்தில் இடம் பிடிப்பதும் அதில் சுலபம். எண்டூரன்ஸ் பிரேமில் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் கொஞ்சம் நீளம் அதிகம், நேராகப் போகும்போது நிம்மதி, குறுகிய வட்டப் பந்தயத்தில் சோம்பல்.

பெண்களுக்கு என்று தனி பிரேம் செய்வதைப் பெரிய கம்பெனிகள் பலவும் விட்டுவிட்டன. உங்கள் உயரத்துக்குப் பார்க்க வேண்டியவை வேறு. ஹேண்டில்பார் 38 சென்டிமீட்டர் அகலம், பெடலைத் தாங்கும் கிராங்க் 165 மில்லிமீட்டர், உட்காரும் எலும்பின் அகலத்துக்கு ஏற்ற சேடில். சின்ன அளவு சைக்கிளிலும் 170 கிராங்க் போட்டு அனுப்புவார்கள், கேட்டால் மாற்றித் தருவார்கள், கேட்காவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். பெடலை முன்னால் வைத்து ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள், ஷூ நுனி முன்சக்கரத்தில் எவ்வளவு உரசுகிறது என்று தெரியும். சின்ன பிரேமில் கொஞ்சம் உரசும், வேகத்தில் ஹேண்டில் அவ்வளவு திரும்பாது என்பதால் பயமில்லை, ரோபோட் சிக்னலில் நின்று கிளம்பும்போது மட்டும் கவனம். டயர் 28 அல்லது 30, பந்தயத்துக்கும் அதுவே.

கேள்வி: மார்ச் மாதம் கேப் டவுன் 109 கிலோமீட்டர் ஓட்டப்போகிறேன், எடை 58 கிலோ. புது சைக்கிளோடு 50 மில்லிமீட்டர் உயர ரிம் சலுகை விலையில் தருகிறார்கள். எடுக்கலாமா?
தொங்காட் வாசகர்

பதில்: டர்பன் பக்கம் மட்டும் ஓட்டுவதானால் எடுங்கள் என்பேன். கேப் டவுனின் தென்கிழக்குக் காற்று வேறு ஜாதி. 2017-இல் காற்று தாங்காமல் பந்தயத்தையே நிறுத்திவிட்டார்கள், கையிலிருந்த சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கவே ஆட்கள் திண்டாடினார்கள். 58 கிலோ ஆளுக்கு முன்சக்கர ரிம் உயரம் 35-க்கு மேல் வேண்டாம், பின்சக்கரத்தில் 50 இருந்தாலும் பரவாயில்லை, பக்கக் காற்று ஹேண்டிலைப் பிடுங்குவது முன்சக்கரத்தில்தான். ரிம் ஹூக்லெஸ், அதாவது டயரைப் பிடிக்கிற கொக்கி விளிம்பு இல்லாத வகையா என்றும் கேளுங்கள். ஆமாம் என்றால் அதற்குப் பொருந்தும் என்று கம்பெனி சொன்ன டயரை மட்டும் போட வேண்டும், காற்று 5 பார், அதாவது 73 பிஎஸ்ஐ-யைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் பங்க்கில் அடிக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஃபீனிக்ஸில் ஒருவர் நாலு வருஷம் ஓட்டிய கார்பன் பந்தய சைக்கிளைப் பாதி விலைக்குத் தருகிறார். நம்பி வாங்கலாமா?
வெருலம் வாசகர்

பதில்: ஸ்டீரர் எவ்வளவு வெட்டியிருக்கிறது என்று முதலில் பாருங்கள், பழைய சொந்தக்காரர் உங்களைவிட வளையக்கூடியவராக இருந்து ஒட்ட வெட்டியிருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அப்புறம் வெளிச்சத்தில் வைத்து, தலைக்குழாய், சீட் போஸ்ட் பிடிப்பு, பெடல் அச்சைச் சுற்றிய இடம் மூன்றிலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பாருங்கள். கடலோரக் காற்றில் நாலு வருஷம் என்றால் சீட் போஸ்ட் இறுகி ஒட்டிக்கொண்டிருக்கும், உங்கள் எதிரிலேயே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பிரேம் எண்ணும் வாங்கிய ரசீதும் இல்லாவிட்டால் கால்வாசி விலைக்குக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.