ஏழு மணி நேரமா, நாலரையா?

கே: மகளின் டிக்கெட்டில், சென்னையில் இரவு 11.15-க்குப் புறப்பட்டு சிங்கப்பூரில் காலை 6.10-க்கு இறங்கும் என்று இருக்கிறது. ஏழு மணி நேரமா ஆகும்? ஆனால், திரும்பும் விமானம் இரவு 8.00-க்குக் கிளம்பி 9.45-க்கே சென்னைக்கு வந்துவிடுகிறதே! (வாசகி, தஞ்சாவூர்)

ப: டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி. போகும்போது அதைக் கழியுங்கள்: 4 மணி 25 நிமிடம். வரும்போது கூட்டுங்கள்: 4 மணி 15 நிமிடம். (1982 ஜனவரி 1-ல் சிங்கப்பூர் கடிகாரத்தை அரை மணி முன்னே நகர்த்தியது. அதற்கு முன் வித்தியாசம் இரண்டு மணிதான்.) அங்கே விடிய ஏழு மணி ஆகும், 6.10-க்கு இருட்டாகவே இருக்கும். இறங்கும் நேரத்தின் பக்கத்தில் பொடியாக +1 என்று போட்டிருந்தால் மறுநாள் என்று அர்த்தம். அழைக்க வருபவரிடம் அந்தத் தேதியைச் சொல்லுங்கள். இதைவிடப் பெரிய வில்லங்கம் நள்ளிரவு விமானம். 15-ஆம் தேதி 00.40 என்றால் 14-ஆம் தேதி ராத்திரியே மீனம்பாக்கம் போயிருக்க வேண்டும். 15-ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நிற்பவர்கள் இன்றும் உண்டு.

கே: தூரம் 2,900 கி.மீ., விமான வேகம் 900 கி.மீ. என்றால் மூணேகால் மணி நேரம்தானே ஆக வேண்டும்? (வாசகர், திருச்சி)

ப: 2,900 என்பது உருண்டையான பூமியின் மேல் நூல் பிடித்த தூரம். அந்த நூல் வங்கக் கடலைத் தாண்டி, பெரிய நிக்கோபாருக்கும் சுமத்ராவின் வடமுனைக்கும் இடையே புகுந்து மலாக்கா நீரிணைப் பக்கம் இறங்கும். விமானம் வகுத்த வான்வழியில் போவதால் கொஞ்சம் கூடும். 900 வேகம் உச்சியில் போன பிறகுதான். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது சுமார் 460 கி.மீ.தான். இந்த ஏற்ற இறக்கத்தில் 20 நிமிடம் போகும்.

மேலும், டிக்கெட் நேரம் பறக்கும் நேரம் அல்ல. சக்கரக் கட்டையை எடுத்து விமானத்தைப் பின்னே தள்ளுவதில் தொடங்கி, அங்கே நிறுத்துமிடத்தில் நிற்கும்வரை கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போய் வரிசையில் நிற்க கால் மணி, இறங்கிய பின் ஊர பத்து நிமிடம். சாங்கியில் (சிங்கப்பூர் விமான நிலையம்) நெரிசல் என்றால் வானத்தில் வட்டமடிக்கவும் வேண்டும். அதற்கும் சேர்த்தே விமான நிறுவனங்கள் நேரம் போடுகின்றன. ‘லேட்டாகக் கிளம்பியும் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது’ என்பதன் ரகசியம் இதுதான். தோராயக் கணக்கு: கி.மீ.யை 850-ஆல் வகுத்து முக்கால் மணி கூட்டுங்கள்.

கே: கிழக்கே போக ஒரு நேரம், மேற்கே வர ஒரு நேரம். பூமி சுழல்வதாலா? (வாசகர், காரைக்குடி)

ப: இல்லை, பூமியோடு காற்றும் சேர்ந்தே சுழல்கிறது. அந்தக் காற்றுக்குள் வீசும் காற்றுதான் காரணம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, 14 கி.மீ. உயரத்தை ஒட்டி, கிழக்கிலிருந்து ஒரு தாரைக்காற்று (குறுகிய பட்டையாக வேகமாக ஓடும் காற்று) வீசும். 1958-ல் இதை விளக்கி எழுதியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம். விமானம் போகும் 10–12 கி.மீ. உயரத்திலும் அதன் வீச்சு எட்டும். எனவே அந்த மாதங்களில் சிங்கப்பூர் போகும்போது எதிர்க்காற்று, 50 கி.மீ. வேகத்தில் வீசினால் சுமார் 12 நிமிடம் கூடும். லண்டன் பக்கம் காற்றின் திசை நேர்மாறு: மேலைக்காற்றால், மேற்கே போவதைவிட கிழக்கே வருவதுதான் சீக்கிரம்.