எந்தத் தஞ்சாவூர்?

கேள்வி: காவிரி டெல்டாவில் குறுவை எனும் குறுகிய கால நெல் சாகுபடியின் பரப்பு ஏன் ஏறி இறங்குகிறது என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. முன்னாய்வுகளைத் தொகுத்து எழுதிய இயலை, "எல்லாம் நூல் சுருக்கமாக இருக்கிறது, நீங்கள் எங்கே?" என்று நெறியாளர் திருப்பிவிட்டார். பல ஆதாரங்களை எப்படி ஒன்றாக்கி எழுதுவது?
— ஆய்வு மாணவி, மன்னார்குடி

பதில்: நெறியாளர் சொன்னது சரி. எப்படித் திருத்துவது என்பதையும் அவரே சொல்லியிருக்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய பக்கங்களில் ஒவ்வொரு பத்தியும் ஓர் ஆய்வாளரின் பெயரில் தொடங்கி, "என்று கூறுகிறார்" என முடிகிறது. இனி பத்தியைக் கேள்வியில் தொடங்குங்கள். மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12ஆம் தேதி திறக்காத ஆண்டுகளில் குறுவை எங்கே, எவ்வளவு குறைகிறது? ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு, இடப்பக்கம் இத்தகைய கேள்விகளையும் மேலே ஆதாரங்களையும் எழுதி நிரப்புங்கள். காலியாக நிற்கும் கட்டங்களை அழித்துவிடாதீர்கள். உங்கள் ஆய்வுக்கு வேலை இருக்கும் இடம் அங்கேதான்.

நிரப்பும்போது ஆதாரங்கள் மோதும். அணை தாமதமானால் குறுவை சுருங்கும் என்று ஒன்று சொல்லும். அப்படியும் நடவு நடந்தது என்று இன்னொன்று சொல்லும். இரண்டையும் எழுதி, "அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது" என்று கடந்துபோவதுதான் எனக்குப் பொறுக்காத பழக்கம். ஏன் வேறுபடுகின்றன? கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் பம்ப்செட் வைத்து நிலத்தடி நீரில் நாற்று விட முடிகிறது. வாய்க்கால்கள் முடியும் கடலோரக் கடைமடையில் நிலத்தடி நீர் உப்பு. வாய்க்காலில் தண்ணீர் வந்தால்தான் நடவு. இரண்டு ஆய்வாளர்களும் வேறு வேறு ஊர்களில் நின்று உண்மையைத்தான் சொல்லியிருக்கக்கூடும். அவர்கள் எந்த வட்டங்களில் ஆய்வு செய்தார்கள் என்று பார்த்துவிட்டு, இப்படி எழுதலாம்: "அணை திறப்பின் தாமதம் டெல்டா முழுவதையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை, நல்ல நிலத்தடி நீர் உள்ள பகுதிகளில் அதன் தாக்கம் குறைவு, கடைமடையில் கடுமை." இந்த வாக்கியம் எந்த நூலிலும் இல்லை, உங்களுடையது. அதன் முதல் பாதிக்கு ஒருவரும் இரண்டாம் பாதிக்கு மற்றவரும் சான்று. அடிக்குறிப்பை அந்தந்த இடத்திலேயே போடுங்கள். பத்தி முடிவில் ஐந்து பெயர்களைக் குவித்தால் எதை யார் சொன்னார் என்று படிப்பவருக்குத் தெரியாது.

எண்களைச் சேர்க்கும் முன் இன்னொன்றைப் பாருங்கள். உங்கள் அட்டவணையில் 1981ஆம் ஆண்டுத் தஞ்சாவூரும் 2011ஆம் ஆண்டுத் தஞ்சாவூரும் அடுத்தடுத்த வரிசையில் இருக்கின்றன. அவை ஒரே மாவட்டம் அல்ல. 1991இல் நாகப்பட்டினம் பிரிந்தது. 1997இல் திருவாரூர் பிறந்தது. 2020இல் நாகையிலிருந்து மயிலாடுதுறையும் தனி மாவட்டமானது. பரப்பு பாதியாகக் குறைந்ததாக உங்கள் அட்டவணை காட்டும். குறைந்தது மாவட்டத்தின் எல்லை. வட்ட வாரியாகக் கணக்கெடுத்துப் பழைய எல்லைக்குக் கூட்டுங்கள். கிராமத்தின் பயிர்க் கணக்கேடான அடங்கல், ஜூலையில் தொடங்கும் பசலி எனும் வருவாய்த்துறை ஆண்டுக்கானது. அதை ஜனவரியில் தொடங்கும் ஆண்டுக் கணக்கோடு அப்படியே சேர்க்கக் கூடாது. ஏக்கரா ஹெக்டேரா, நெல்லா அரிசியா என்பதையும் பாருங்கள். பழைய ஆவணங்களில் வேலி, மா கணக்கு வரும். ஒரு வேலி இருபது மா, ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர். மாற்றிய விதத்தை அட்டவணைக்குக் கீழேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் பண்ணைக் காலத்துச் செய்திகளை ஆய்வேட்டில் ஆதாரமாகச் சேர்க்கலாமா?
— முதுகலை மாணவர், திருத்துறைப்பூண்டி

பதில்: அவசியம் சேர்க்க வேண்டும். கூலி எப்படி அளந்தார்கள், யார் எந்த மதகைத் திறந்தார்கள் என்பதெல்லாம் அரசுத் தாள்களில் அரிதாகவே இருக்கும். ஆண்டைக் கேட்காதீர்கள், 1977 நவம்பர் புயலுக்கு முன்பா பின்பா என்று கேளுங்கள், தெளிவாகச் சொல்வார்கள். பண்ணையில் நிலையாக வேலை செய்த கூலியாட்களுக்கான 1952ஆம் ஆண்டுப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தின் வாசகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அது உங்கள் ஊர்க் களத்துமேட்டுக்கு வந்ததா என்று அவர்களிடம் கேளுங்கள். சட்டமும் நினைவும் விலகும் இடத்தை மறைக்காமல் எழுதுங்கள். பெயரை வெளியிட அவர்களுடைய சம்மதம் வேண்டும். பேசிய நாளையும் ஊரையும் குறித்துவையுங்கள். பெண்களிடமும் கேளுங்கள். நாற்றுப் பறித்ததும் நட்டதும் அவர்கள்தான், ஆனால் நான் திருத்திய ஆய்வேடுகளில் பெரும்பாலும் ஆண்களே பேசுகிறார்கள்.