மஞ்சள் அனிமோன் வெளுத்துப்போனால்

கேள்வி: மகள் ஆசைப்பட்டாள் என்று மூன்றடி நீளத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்து, இரண்டு நீமோ மீனும் (கோமாளி மீன்), அவை குடியிருக்கப் பளிச்சென்று மஞ்சளாக ஒரு அனிமோனும் வாங்கினேன். ஆறு வாரத்தில் அனிமோன் வெள்ளையாகி, பாதியாகச் சுருங்கிவிட்டது. கடைக்காரர், “பசியில் இருக்கிறது, தினமும் இறால் போடுங்கள். தேறாவிட்டால் வேறு தருகிறேன். பவளம் ஒட்டிய கல்லும் வந்திருக்கிறது” என்கிறார். இதைக் காப்பாற்ற முடியுமா? இது செத்தால் மீன்களும் செத்துவிடுமா?

– மதுரை வாசகர்

பதில்: உங்கள் அனிமோன் வெளுத்தது உங்கள் வீட்டில் இல்லை. நீங்கள் வாங்கும்போதே அது வெளுத்துத்தான் இருந்தது. மேலே இருந்த மஞ்சள் பெரும்பாலும் சாயம். ஆறு வாரத்தில் சாயம் கரைந்துவிட்டது, அவ்வளவுதான். பச்சைப் பட்டாணிக்குச் சாயம் ஏற்றுவது போலத்தான் இதுவும். ஆனால் இங்கே சாயத் தண்ணீரில் ஊறவைப்பது ஒரு உயிரை.

அனிமோன், அதாவது கடல் சாமந்தி, பார்க்கப் பூ மாதிரி இருந்தாலும் விலங்கு. பவளப்பூச்சிக்கும் ஜெல்லி மீனுக்கும் நெருங்கிய சொந்தம். நீமோ மீன் குடியிருக்கும் வகைகளின் திசுக்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை வெளிச்சத்தில் உணவு தயாரித்து, அதில் பெரும்பகுதியை அனிமோனுக்குக் கொடுக்கின்றன. அதன் இயல்பான பழுப்பு நிறமும் அந்தப் பாசிகளால் வருவதுதான். பிடித்தவுடன் பாலிதீன் பையில் அடைத்து, நாள்கணக்காக இருட்டில் வைத்து, ஒரு கை மாற்றி இன்னொரு கைக்கு அனுப்பும்போது அனிமோன் இந்தப் பாசிகளை உதிர்த்துவிடுகிறது. வெள்ளை அனிமோனை யாரும் வாங்க மாட்டார்கள் என்று இடையில் இருப்பவர்கள் மஞ்சள், ரோஸ், ஊதா என்று நிறம் ஏற்றிவிடுகிறார்கள். இது உலகம் முழுக்க நடக்கும் மோசடி. வாங்குபவர் தன் வளர்ப்பில்தான் குறை என்று நினைத்துக்கொண்டு அடுத்ததை வாங்குவார். இந்த வியாபாரம் ஓடுவதே அதனால்தான்.

சாயத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. இயற்கை நிறம் ஒரே சீராக இருக்காது. விரல்கள், அதாவது வாயைச் சுற்றி நீண்டிருக்கும் உணர்கொம்புகள், அவற்றின் நுனி ஒரு நிறம், தண்டு ஒரு நிறம், வாயைச் சுற்றி வேறு சாயல் என்று இருக்கும். நுனி முதல் அடிப்பாதம் வரை ஒரே மஞ்சளாக இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தொடாதீர்கள். இன்னொரு சோதனை, பாதம், அதாவது பாறையில் ஒட்டும் அடிப்பகுதி. பாறையிலிருந்து பிய்த்தெடுக்கும்போது அது கிழிந்திருக்கலாம். கண்ணாடியில் ஒட்டாமல் மிதக்கிற அனிமோனை எந்தக் கடைக்காரர் எந்தக் கதை சொல்லி விற்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது உங்களிடம் இருப்பதைப் பார்ப்போம். வெள்ளையாக இருப்பதாலேயே செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பாதம் ஒட்டியிருந்து, விரல்கள் தொட்டால் சுருங்கி, வாய் மூடியிருந்தால் பிழைக்க வழி இருக்கிறது. முதல் தேவை வெளிச்சம். நன்னீர்த் தொட்டிக்குப் போடும் சாதாரண எல்இடி போதாது. பவளம் வளர்ப்பவர்கள் பயன்படுத்தும் விளக்கு வேண்டும். அதையும் முதல் நாளே முழு அளவில் போடாமல் இரண்டு மூன்று வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள். பாசி இல்லாத உடம்புக்குத் திடீர் வெளிச்சம் தாங்காது.

தினமும் இறால் போடச் சொன்னது தவறான யோசனை. அனிமோனுக்கு ஒரே துவாரம்தான். சாப்பாடு உள்ளே போவதும் கழிவு வெளியே வருவதும் அதன் வழியாகவே. நலிந்த நிலையில் பெரிய துண்டு போட்டால் செரிக்காமல் கக்கிவிடும், அது தொட்டியில் அழுகும். உப்பு மசாலா எதுவும் படாத பச்சை இறாலை வாயைவிடச் சிறியதாக நறுக்கி வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை கொடுங்கள், போதும். பழுப்பு நிறம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும்.

உங்கள் ஊர் வெயிலில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2016-இல் மன்னார் வளைகுடாவில் கடல் சூடாகிப் பவளங்கள் வெளுத்தபோது நடந்ததும் இதே கதைதான்: சூடு தாங்காமல் பாசி வெளியேறியது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க முடியாவிட்டால் தண்ணீர்ப் பரப்பின் மேல் காற்று படும்படி ஒரு சின்ன ஃபேன் வையுங்கள். ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்குப் பதில் உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். சில கடைகளில் உப்புத் தண்ணீரையே ஊற்றச் சொல்கிறார்கள், ஏனென்றால் உப்பு விற்பதும் அவர்கள்தான். ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே நிற்கிறது. மேலே மேலே உப்புநீர் சேர்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பம்பின் வாயில் பஞ்சு மாட்டுங்கள். அனிமோன் இடம் பிடிக்காவிட்டால் நகரும், பம்பில் சிக்கி அரைபடும். மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் தாமிரம் கலந்த மருந்தை இந்தத் தொட்டியில் ஒரு சொட்டுக்கூட விடக் கூடாது. அனிமோனுக்கு அது விஷம். மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி மருந்து கொடுங்கள்.

ஒரு விலக்கைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதையும் ‘நீமோ வீடு’ என்று சொல்லித் தலையில் கட்டுகிறார்கள். குழாய் அனிமோன் என்று ஒன்று உண்டு. பாறையில் ஒட்டாது. மணலுக்குள் தானே கட்டிய மெல்லிய குழாயில் வாழும். வாயைச் சுற்றிக் குட்டை விரல்கள் ஒரு வட்டம், ஓரத்தில் நீண்ட விரல்கள் இன்னொரு வட்டம் என இரண்டு வரிசை இருக்கும். அதன் உடம்பில் பாசி கிடையாது. ஆகவே மேலே வெளிச்சம் பற்றிச் சொன்ன எதுவும் அதற்குப் பொருந்தாது. கண்ணைப் பறிக்கும் ஊதாவோ ஆரஞ்சோ அதற்கு இயற்கையாகவே இருக்கலாம், சாயம் என்று சந்தேகப்பட வேண்டாம். அதற்கு வேண்டியது ஆழமான மணல், ஒழுங்கான தீனி, மங்கிய வெளிச்சம். நீமோ மீன் கடலில் அதில் குடியிருப்பதில்லை. உங்களுடையது கண்ணாடியிலோ கல்லிலோ பாதம் வைத்து ஒட்டியிருந்தால் அது குழாய் அனிமோன் இல்லை. மணலில் புதைந்து, கீழே தோல் போன்ற உறை தெரிந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், பதில் மாறும்.

சரி, மீன்கள். அனிமோன் இல்லாவிட்டாலும் அவை நன்றாகவே வாழும். கடலில் அவை அனிமோனை விட்டு விலகாததற்குக் காரணம், தின்ன வரும் பெரிய மீன்கள். உங்கள் தொட்டியில் அந்தப் பயம் இல்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் ராமேஸ்வரம் அருகே மண்டபம் என்ற ஊரில் நீமோ மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறது. பொரிப்பகத்தில் பிறக்கும் மீன்கள் அனிமோனையே பார்க்காமல் வளரலாம். அடுத்த முறை மீன் வாங்கினாலும் பொரிப்பகத்து மீனா என்று கேட்டு வாங்குங்கள். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அனிமோன் செத்தால் அழுகி, வெளிவரும் அம்மோனியா மீன்களைக் கொன்றுவிடும். வாய் பிளந்து, நாற்றம் வந்து, உடம்பு நூல்நூலாகப் பிரிந்தால் அன்றே எடுத்துவிடுங்கள். கையுறை போட்டு எடுங்கள், கொட்டும் செல்கள் செத்த பிறகும் வேலை செய்யும்.

வேறு அனிமோன் வாங்காதீர்கள். நல்ல நிலையில் இந்த இனங்கள் நீண்ட காலம் வாழக்கூடியவை. ஸ்காட்லாந்தில் இயற்கையியலர் ஜான் டாலியல் 1828-இல் கடற்கரையில் எடுத்த ஒரு அனிமோன் கண்ணாடிச் சாடியில் 1887 வரை இருந்தது. அது குளிர்க்கடல் வகை, ஒப்பிட முடியாது என்பீர்கள். இருக்கட்டும். பல பத்தாண்டுகள் வாழக்கூடிய ஒரு இனத்தை ஆறு வாரச் சரக்காக விற்பதைத்தான் என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை.

பவளம் ஒட்டிய கல்லைத் தொடவே தொடாதீர்கள். பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன, புலிக்கு இருக்கும் அதே அட்டவணை. காய்ந்த துண்டும் இதில் அடக்கம். பிடிபட்டால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. “வெளிநாட்டுச் சரக்கு, பில் இருக்கிறது” என்று கடைக்காரர் சொல்லுவார். உங்கள் வீட்டில் இருந்தால் சட்டப்படி வந்தது என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான், அவர் இல்லை.

பவளத்துக்கு இவ்வளவு கடுமை காட்டும் சட்டம், அதே பாறையில் ஒட்டியிருக்கும் அனிமோன் விஷயத்தில் இந்தக் கடுமையைக் காட்டவில்லை. 2017-இல் அலங்கார மீன் கடைகளுக்கென்று ஒன்றிய அரசு விதிகள் கொண்டுவந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த விதிகளில் குறைகள் இருந்தன, நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குறையைத் திருத்தாமல் மொத்தத்தையும் கைவிட்டால், சாயம் போட்டவரைக் கேட்பது யார்? மீன்வளத்துறையைக் கேட்டால் வனத்துறை என்கிறார்கள், வனத்துறையைக் கேட்டால் இது பட்டியலில் இல்லை என்கிறார்கள்.

உங்கள் அனிமோன் பிழைத்துப் பழுப்பாக மாறினால், பழைய மஞ்சள் போய்விட்டதே என்று மகள் வருத்தப்படலாம். அதுதான் அதன் சொந்த நிறம் என்று சொல்லுங்கள். வளர்க்க முடியவில்லை என்று தோன்றினால், பாவம் பார்த்து ராமேஸ்வரம் கொண்டுபோய்க் கடலில் விட்டுவிடாதீர்கள். அது எந்தக் கடலிலிருந்து வந்தது, என்ன நோயைச் சுமக்கிறது என்று உங்களுக்கோ விற்றவருக்கோ தெரியாது. நல்ல விளக்கோடு பவளத் தொட்டி பராமரிப்பவர் யாராவது இருந்தால் அவரிடம் இலவசமாகவே கொடுத்துவிடுங்கள். வாங்கிய கடையில் மட்டும் திருப்பிக் கொடுக்காதீர்கள், அடுத்த வாரம் வேறு நிறத்தில் இன்னொருவருக்கு விற்பார்கள்.