பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்துமா? சாதுவான காட்டுயிர்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, எங்கள் முருங்கை மரத்தில் ஒரு வாரமாகப் பச்சைப்பாம்பு இருக்கிறது. கண்ணைக் கொத்திவிடும் என்று அம்மா கொல்லைக் கதவையே திறக்க விடுவதில்லை. அடித்துவிடலாமா?

பதில்: அடிக்கவே வேண்டாம் தம்பி. அது தேடுவது ஓணான், பல்லி, தவளை. கிளையோடு கிளையாக முகத்துக்கு நேரான உயரத்தில் கிடக்கும், கீரை பறிக்கப் போகிறவர் தெரியாமல் கிட்டே போனால் மிரண்டு பாயும், அப்படித்தான் கண்ணைக் கொத்தும் என்ற பேச்சு கிளம்பியிருக்க வேண்டும். லேசான விஷம் உண்டு, ஓணானுக்கு அது போதும், ஆளைக் கொல்லாது. கடித்த இடம் வீங்கி வலிக்கும், அவ்வளவுதான். நாலடி தள்ளி நின்று கண்ணைப் பாருங்கள், கண்மணி சாவித் துவாரத்தைப் படுக்க வைத்த மாதிரி கிடைமட்டமாக இருக்கும். பயந்தால் உடம்பை உப்பும், அப்போது பச்சைச் செதில்களுக்கு நடுவே கறுப்பும் வெள்ளையுமாகத் தோல் தெரியும். அதைக் கண்டால் பின்னால் வந்துவிடுங்கள். கீரையை நாளைக்குப் பறித்துக்கொள்ளலாம்.

கேள்வி: சாரையும் நல்லபாம்பும் பின்னிக்கொண்டு ஆடுவதை வயலில் பார்த்தோம். இணைசேருகின்றனவா?

பதில்: இல்லை. இரண்டும் ஆண் சாரைகள், மல்லுக்கட்டுகின்றன. சாரைக்கு விஷம் கிடையாது, எலியை அது போல ஒழிப்பவர் ஊரில் இல்லை. ஆனால் பிடிக்கப் போனால் நன்றாகவே கடிக்கும், அது அதன் குற்றமில்லை.

கேள்வி: ஐயா, நாங்கள் அய்யலூர் பக்கம். இரவில் வேலியோரம் தேவாங்குக் குட்டி தனியாக இருந்தது, டார்ச் அடித்தும் அசையவில்லை. தாய் விட்டுப் போய்விட்டதா? வீட்டில் வளர்க்கலாமா?

பதில்: தயவுசெய்து தொடாதீர்கள். தாய்த் தேவாங்கு இரவில் குட்டியைக் கிளையில் விட்டுவிட்டுத்தான் பூச்சி பிடிக்கப் போகும், விடிவதற்குள் வந்து தூக்கிக்கொள்ளும். நீங்கள் எடுத்து வந்தால் தாயிடமிருந்து பிரித்தது நீங்கள்தான். அசையாமல் இருந்தது பழகிவிட்டதால் இல்லை, பயத்தில். அந்தப் பெரிய கண்கள் இருட்டுக்கானவை, டார்ச் வெளிச்சம் அதற்கு வேதனை. எளிதில் கையில் சிக்கிவிடும் என்பதாலேயே இதைப் பிடித்து ஜோசியத்துக்கும் மாந்திரீகத்துக்கும் விற்றிருக்கிறார்கள், நினைத்தாலே மனசு ஆறவில்லை. 2022-இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயம் வந்தது, நாட்டிலேயே தேவாங்குக்கென்று முதல் சரணாலயம். உங்கள் ஊர் அதன் வாசலில்தான் இருக்கிறது. வேலி முள்மரங்களை ஒரேயடியாக வெட்டாமல் விட்டாலே அதற்குப் பெரிய உதவி. வீட்டில் வளர்ப்பது சட்டப்படியும் குற்றம்.

கேள்வி: மல்லிப்பட்டினம் கடலில் வலைக்குள் ஆவுளியா (கடற்பசு) மாட்டினால் என்ன செய்வது? கிட்டே போனால் தாக்குமா?

பதில்: தாக்காது. கடலடியில் வளரும் புல்லான கடல்தாழையை மேய்கிற பிராணி அது. ஆனால் மூன்று மீட்டர் நீளம் வளரும், துள்ளினால் ஆளுக்கு அடிபடும், அதனால் வால் பக்கம் நிற்காதீர்கள். அது மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும், வலை அமுக்கினால் மூழ்கியே செத்துவிடும். யோசிக்காமல் வலையை அறுத்து விடுங்கள், அப்புறம் வனத்துறைக்குச் சொல்லுங்கள். இப்படி விடுவித்த மீனவர்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்திருக்கிறார்கள். 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்ததில் உங்கள் கடலும் சேர்த்தி. ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டிதான், அதுவும் பல வருஷத்துக்கு ஒருமுறை. ஒன்று போனாலும் ஈடுகட்டவே முடியாது.

கேள்வி: முதுமலை ரோட்டோரம் புள்ளிமான்கள் சாதுவாக நிற்கின்றன சார், பிள்ளைகள் பிஸ்கட் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. தின்பண்டத்துக்குப் பழகிய மான் ரோட்டுக்கு வந்து வண்டியில் அடிபடும். ஆண் மானின் கொம்பு பிள்ளையின் முகத்து உயரத்தில் இருக்கும் என்பதையும் யோசியுங்கள். வண்டியை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டே போங்கள்.

கேள்வி: வீட்டுக்குள் வந்த பாம்பு ஓநாய்ப் பாம்பா கட்டுவிரியனா என்று எப்படித் தெரிந்துகொள்வது அக்கா?

பதில்: ஓநாய்ப் பாம்புக்கு விஷமில்லை, பட்டைகள் கழுத்தருகே தெளிவாகத் தொடங்கி வால் பக்கம் மங்கும். கட்டுவிரியனுக்குப் பெரும்பாலும் முன்பக்கம் மங்கி, வால்வரை தெளிவாகப் போகும். ஆனால் இதை நம்பி யாரும் கையில் எடுக்காதீர்கள், குட்டிகளில் எனக்கே உற்றுப் பார்த்தால்தான் பிடிபடும். கட்டுவிரியன் கடி வலிக்காமலே ஆளை முடித்துவிடும். அறையைச் சாத்தி, கதவிடுக்கில் துணியை அடைத்துவிட்டு, வனத்துறையையோ தீயணைப்பு நிலையத்தையோ கூப்பிடுங்கள். கடித்துவிட்டால் எந்தப் பாம்பு என்று தேடிக்கொண்டு நிற்காமல் 108-க்கு அடியுங்கள்.